கோல்டுபெர்க் குடும்பத்தை நாடறியச் செய்த கெர்ட்ரூட் பெர்க் அம்மையார்

ஒரு சமூகத்தைப் பற்றிப் பிறர் கொள்ளும் எண்ணம் அச்சமூகத்தாருடைய நடக்கையினால் மாத்திரம் உண்டாவதன்று. அவர்களைக் குறித்துக் கதை சொல்வோரும், மேடையிலே அவர்களைப் போல வேஷந் தரித்து ஆடுவோரும் சொல்லிய சொல்லே ஊராருடைய உள்ளத்தில் முன்னதாகச் சென்று குடிகொண்டுவிடுகின்றது. அங்ஙனம் குடிகொண்ட எண்ணம் பொய்யாயின், அதனை மாற்றுதற்குத் தீர்மானங்களும் மகஜர்களும் எத்துணை போதும் என்பதை நம் அன்பர்களே அறிவார்கள். அமெரிக்கா தேசத்தில் சிறு தொகையினராய் வாழ்ந்த யூத சமூகத்திற் பிறந்த ஒரு பெண்மணி, எவரையும் வையாமல், எவரோடும் வழக்கிடாமல், தம் குலத்தாருடைய வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நடக்கும் சாமானிய வாழ்க்கையை நாட்டார் கேட்கவும் காணவும் செய்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுடைய அன்பைப் பெற்றார். தொலைக்காட்சியில் குடும்ப நகைச்சுவைத் தொடர் நாடகம் என்னும் வகைக்கு முன்னோடியாய் நின்றவர்களுள் அவர் ஒருவர். அவர் எய்திய புகழையும், அப்புகழின் நடுவே அவருக்கு நேர்ந்த பெருஞ் சோதனையையும் இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இவ்வம்மையார் 1899-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரத்தின் கிழக்கு ஹார்லெம் பகுதியிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டில்லி எடல்ஸ்டீன் என்பது. ஐரோப்பாக் கண்டத்தின் கிழக்குப் பாகத்திலிருந்து பிழைப்பு நாடியும், கொடுமைக்கு அஞ்சியும் கப்பலேறி வந்த லக்ஷக்கணக்கான யூதக் குடும்பங்களுள் இவருடைய குடும்பமும் ஒன்று. தந்தையார் ஜேக்கப் எடல்ஸ்டீன் பல தொழில்களில் முயன்று பார்த்தவர். நியூயார்க் நகரத்திற்கு வடக்கேயுள்ள காட்ஸ்கில் மலைப் பிரதேசத்தில், பிளெய்ஷ்மன்ஸ் என்னும் சிற்றூரில், கோடைக் காலத்து விருந்தினர் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்தார். இக்குடும்பத்திலே பெருந்துயரம் ஒன்றும் உண்டு. டில்லியின் ஒரே உடன்பிறந்தான் தொண்டை அடைப்பான் நோயினால் சிறு வயதிலேயே இறந்து போனான். அத்துயரத்தினின்றும் தாயார் பின்னர் ஒரு காலத்தும் முற்றிலும் மீளவில்லை.

மலை நாட்டிலே மழை பிடித்துக்கொண்டால் விடுதியில் தங்கிய குழந்தைகள் வெளியே சென்று விளையாட இயலாது முணுமுணுப்பார்கள். பெற்றோர் சலித்து ஊருக்குத் திரும்ப எண்ணுவார்கள். விடுதிக்கு வருமானம் குறையும். இதனைக் கண்ட டில்லி, சிறு சிறு நாடகங்களைத் தாமே எழுதி, அக்குழந்தைகளையே வேஷதாரிகளாக்கி நடிக்கச் செய்தார். தந்தையின் வியாபாரத்திற்கு உதவியாகத் தொடங்கிய இவ்விளையாட்டே பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கைத் தொழிலுக்கு வித்தாயிற்று.

1918-ம் வருஷத்தில் லூயிஸ் பெர்க் என்னும் இரசாயனப் பொறியாளரை மணந்தார். சர்க்கரை காய்ச்சும் தொழிலிலே வல்லவராகிய கணவரோடு, தெற்கேயுள்ள லூசியானா மாகாணத்திற்குச் சென்று ஒரு கரும்புத் தோட்டத்திலே சில காலம் வசித்தார். அவ்விடத்திலிருந்த ஆலை தீப்பற்றி எரிந்துபோக, தம்பதிகள் மறுபடியும் நியூயார்க்கிற்கே திரும்பினர். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் பிறந்தனர். குடும்பத்தைக் காத்துக்கொண்டே எழுத்து வேலையிற் புகுதல் வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் அவருக்கு உறுதிப்பட்டது. கெர்ட்ரூட் பெர்க் என்னும் பெயரையும் பூண்டார்.

வானொலியிற் புகுந்தது

அக்காலத்தில் வானொலி புதிதாகப் பரவி வந்த சாதனம். கடையில் விற்பனை செய்யும் இரண்டு பெண்களைப் பற்றி அவர் எழுதிய முதல் நாடகம் ஒரே நாளோடு நின்றுவிட்டது. அதனால் அவர் மனந் தளரவில்லை. தாம் நன்கறிந்த பொருளையே எழுதுதல் நலமென்று கருதி, நியூயார்க் நகரத்திலே வாழும் ஓர் ஏழை யூதக் குடும்பத்தின் கதையை எழுதி எடுத்துச் சென்றார். கையெழுத்து விளங்காதபடி எழுதிச் சென்றமையால், அதிகாரி அவரையே வாசிக்கும்படி கேட்டார் என்றும், அவர் வாசித்த முறையைக் கேட்டு அவரே நடித்தல் வேண்டுமென முடிவு செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

எவ்வாறாயினும், 1929-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ம் தேதி என்.பி.ஸி. வானொலியில் "கோல்டுபெர்க் குடும்பத்தாரின் எழுச்சி" என்று பொருள்படும் பெயரோடு அத்தொடர் ஆரம்பமாயிற்று. அதற்குச் சில வாரங்கட்கு முன்னரே நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்து, நாடெங்கும் பஞ்சமும் வேலையின்மையும் தலைகாட்டின. உயர்வை நாடும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதைக்கு அதனினும் கொடிய காலம் அமைதல் அரிது. அக்கதை மக்களுக்கு அதனினும் வேண்டப்பட்ட காலமும் அரிது. தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது வாரம் 75 டாலர். அத்தொகையினின்றே கூட நடிப்போருக்கும் கொடுத்தல் வேண்டும். 1931-ம் வருஷத்தில் பெப்ஸோடென்ட் என்னும் பற்பசைக் கம்பெனியார் செலவை ஏற்றுக்கொண்ட பின்னர், தொடர் நாள்தோறும் கால்மணி நேரமாக விரிந்தது.

நாடகம் எழுதுபவர் அவரே. முக்கிய பாத்திரமாகிய மோலி கோல்டுபெர்க் என்னும் இல்லத்தரசியாக நடிப்பவரும் அவரே. மேற்பார்வை செய்பவரும் அவரே. விடியற்காலையில் எழுந்து பென்சிலால் எழுதுவார். பின்னர் நிலையம் சென்று நடிப்பார். யூதர் நெருங்கி வாழும் கீழ்க்கிழக்குப் பகுதிக்கு எளிய உடையிற் சென்று, கடைவீதியிலே பெண்கள் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். வானொலியில் மாத்திரம் அவர் எழுதிய பகுதிகள் 5,000-க்கு மேற்பட்டன என்பர். ஆண்மக்களே அதிகாரஞ் செலுத்திய ஒரு துறையிலே, ஒரு பெண்மணி எழுத்து, நடிப்பு, நிர்வாகம் மூன்றனையும் தம் கையிலே வைத்திருந்தது அக்காலத்தில் மிக அரிய செய்தியாகும்.

மோலி அம்மையாரின் இயல்பு

இந்நாடகத்தில் வருவோர் சிலரே. தையற்றொழில் நடத்தும் ஜேக் என்னும் கணவர். மோலி என்னும் மனைவி. ஸாமி, ரோஸலி என்னும் பிள்ளைகள். டேவிட் என்னும் முதிய மாமன். பிராங்க்ஸ் பகுதியில் கிழக்கு டிரிமாண்ட் அவென்யூ 1038-ம் எண்ணுள்ள அடுக்கு வீட்டிலே அவர்கள் குடியிருந்தார்கள். கணவருக்குத் தொழிலில் நஷ்டம், மகனுக்குப் படிப்பிலே கவலை, அண்டை வீட்டாரோடு சிறு மனத்தாங்கல், உறவினர் வருகை ஆகிய இவையே கதை. ஜன்னலிற் கையூன்றி எதிர் வீட்டுப் பெண்ணைக் கூவியழைக்கும் மோலியின் குரல் நாடு முழுவதும் பிரசித்தமாயிற்று.

இதற்கு முன் யூதன் என்றால் மேடையிலே எவ்வாறு காட்டினார்கள்? நீண்ட தாடியும், கோணல் தொப்பியும், காசையே எண்ணும் விரல்களுமாகக் காட்டி ஜனங்களைச் சிரிப்பித்தார்கள். அச்சிரிப்பு வெறுப்பிற் பிறந்தது. பெர்க் அம்மையாரும் சிரிப்பித்தார். ஆயினும் அச்சிரிப்பு நேயத்திற் பிறந்தது. மோலி பேசும் ஆங்கிலத்திலே தாய்மொழியின் சாயல் ஏறியிருக்கும். சொற்கள் இடம் மாறி விழும். இப்பேச்சினால் நம் மதிப்புக் குறைகின்றது என்று அச்சமூகத்திலே கற்றவர் சிலர் முறையிட்டதும் உண்டு. ஆயினும் சொல் பிழைத்தாலும் மோலியின் அறிவு பிழைப்பதில்லை என்பதைக் கேட்போர் விரைவிலே கண்டுகொண்டனர். அம்மையாருக்கு உடல் நலம் குன்றி நாடகம் தடைப்பட்டபோது, நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன.

அக்காலத்து வானொலியிலே பெயர் பெற்றிருந்த மற்றொரு தொடராகிய "ஆமோஸும் ஆண்டியும்" என்பதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை நன்கு விளங்கும். அது நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களைப் பற்றிய கதை. ஆயினும் அதனை எழுதி நடித்தவர்கள் வெள்ளையர் இருவர். 1951-ம் வருஷத்தில் அது கறுப்பு நடிகரைக் கொண்டு தொலைக்காட்சிக்கு வந்தபோது, அம்மக்களுடைய தேசீய முன்னேற்றச் சங்கத்தார் தங்களை இழிவாகக் காட்டுகின்றது என்று கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றினர். 1953-ம் வருஷத்தில் அத்தொடர் நின்றது. ஒரு குலத்தின் கதையை அக்குலத்தார் தாமே சொல்லுதற்கும், பிறர் சொல்ல வாய்மூடிக் கேட்டிருத்தற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கொடிய காலமும் துணிந்த சொல்லும்

1933-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்திலே ஹிட்லர் அதிகாரத்தைக் கைப்பற்றினான். யூதர் என்று சொல்லிக்கொள்வதற்கே பலர் கூசிய காலம் அது. அமெரிக்காவிலும் அவர்கள்மீது துவேஷம் பெருகிற்று. அவ்வாண்டிலேயே பெர்க் அம்மையார் பாஸ்காப் பண்டிகையின் இராவிருந்துச் சடங்கைத் தம் நாடகத்திலே நடத்திக் காட்டினார். 1938-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் யூதருடைய கோவில்களும் கடைகளும் நொறுக்கப்பட்டன. அடுத்த வருஷம் ஏப்ரல் மாதம் 3-ம் தேதி ஒலிபரப்பாகிய பகுதியிலே, கோல்டுபெர்க் குடும்பத்தார் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்திருக்கையில் யாரோ எறிந்த கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுகின்றது. மோலி பிள்ளைகளைத் தேற்றி, சடங்கைத் தொடரும்படி செய்கின்றாள். நகைச்சுவைக்காக வானொலியைத் திருப்பிய கிறிஸ்தவக் குடும்பங்கள், அன்று பக்கத்து வீட்டாருடைய அச்சத்தைத் தம் கூடத்திலிருந்தே கேட்டன. நூறு பிரசங்கங்களால் ஆகாத காரியம் இவ்வொரு கல்லால் ஆயிற்று.

உலக யுத்த காலத்திலும் ஐரோப்பாவில் அகப்பட்ட உறவினரைப் பற்றிய கவலை இந்நாடகத்திலே இடையிடையே ஒலித்தது. இடையில் சில காலம் நின்றும் மறுபடி தொடங்கியும் நடந்த வானொலித் தொடர் 1945-ம் வருஷத்தோடு முடிவுற்றது.

தொலைக்காட்சியில்

1948-ம் வருஷத்தில் அம்மையார் இக்குடும்பத்தின் கதையை "நானும் மோலியும்" என்று பொருள்படும் நாடகமாக எழுதி நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலே நடித்தார். கணவர் ஜேக்காக நடித்தவர் பிலிப் லோப். அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்திலே ஸி.பி.எஸ். தொலைக்காட்சியில் "கோல்டுபெர்க் குடும்பத்தார்" அரங்கேறிற்று. தொடக்கத்தில் கம்பெனியார் தயங்கினர். அம்மையார் அதன் தலைவராகிய வில்லியம் பேலியிடமே நேரிற் சென்று வாதாடி இடம்பெற்றார் என்பர். நாடகம் முன்னதாகப் படம் பிடிக்கப்படாமல், நடிக்கும் அந்நேரத்திலேயே வீடுகளுக்குச் சென்றது. தடுமாறினால் திருத்த வழியில்லை.

செலவை ஏற்றவர் ஜெனரல் புட்ஸ் கம்பெனியார். அவர்களுடைய சாங்கா என்னும் காபித்தூளின் பெருமையை, நாடகத்தின் தொடக்கத்தில் மோலியே ஜன்னலிற் சாய்ந்து, அண்டை வீட்டாரோடு பேசுவது போல நேயர்களுக்கு எடுத்துரைப்பார். நடிப்பு எது, விளம்பரம் எது என்று பிரித்தறிய இயலாத இயல்பான பேச்சு அது. 1951-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், சிறந்த நடிகைக்குரிய எம்மி பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. 1950-ம் வருஷத்தில் கோல்டுபெர்க் கதை திரைப்படமாகவும் வந்தது. புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையிலேயே சோதனையும் வந்தது.

பிலிப் லோப் என்பாருடைய துயரம்

பிலிப் லோப் பிலடெல்பியா நகரத்தவர். மேடையிலே நெடுநாட் பழகியவர். நடிகர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் நின்று, ஒத்திகை நாட்களுக்கும் நடிகருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டவர். அதற்கு முன் ஒத்திகைக் காலத்தில் நடிகர் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் பக்கம் பேசுபவனைக் கம்யூனிஸ்டு என்று சந்தேகிக்கும் பேயச்சம் அக்காலத்து அமெரிக்காவைப் பிடித்திருந்தது. 1950-ம் வருஷம் ஜூன் மாதத்திலே "ரெட் சானல்ஸ்" என்னும் சிறு புத்தகம் வெளிவந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும் 151 பேருடைய பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. எந்த நீதிமன்றமும் அவர்களை விசாரிக்கவில்லை. எந்தக் குற்றமும் ருசுவாகவில்லை. இன்ன கூட்டத்திற்குச் சென்றான், இன்ன விண்ணப்பத்திற் கையெழுத்திட்டான் என்பதே குறிப்பு. பிலிப் லோப் பெயரும் அவற்றுள் ஒன்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜீன் மூயர் என்னும் நடிகையை, அப்பட்டியலில் பெயரிருந்த காரணத்தால், வேறொரு தொடரினின்றும் இதே ஜெனரல் புட்ஸ் கம்பெனியார் நீக்கினர். அடுத்தபடியாக லோப்பையும் நீக்கும்படி பெர்க் அம்மையாரிடம் வற்புறுத்தினர். அம்மையார் மறுத்தார். கட்டாயப்படுத்தினால் நாடெங்கும் மேடையேறி உங்கள் சரக்குகளை வாங்காதீர்கள் என்று பெண்களிடம் சொல்வேன் என்று அவர் கூறியதாக எழுதியிருக்கின்றனர். கம்பெனியார் சற்றே பின்வாங்கினர். ஆயினும் 1951-ம் வருஷத்தில் செலவு தருவதை நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டின் நடுவில் ஸி.பி.எஸ். தொலைக்காட்சியிலிருந்து நாடகம் நீங்கிற்று. என்.பி.ஸி. கம்பெனி ஏற்றுக்கொள்ள இசைந்தும், லோப் இருக்கும் வரையில் செலவு தர முன்வருவார் இல்லை. மாதங்கள் கழிந்தன. நாடகத்தை நம்பிய மற்றை நடிகரும் தொழிலாளரும் வேலையின்றி நின்றனர்.

இறுதியில் 1952-ம் வருஷம் ஜனவரி மாதத்திலே லோப் ஈடாக ஒரு தொகை பெற்றுக்கொண்டு விலகினார். அடுத்த மாதம் நாடகம் மறுபடி தொடங்கிற்று; ஜேக் பாத்திரத்தில் வேறொருவர் நடித்தார். அவ்வாண்டிலேயே செனட்டு சபையின் உட்கமிட்டி முன் லோப் பிரமாணஞ் செய்து, தாம் கம்யூனிஸ்டு கட்சியினர் அல்லர் என்று மொழிந்தார். அதனால் வேலை கிடைத்துவிடவில்லை. தாயில்லாத அவருடைய ஒரே மகன் மனநோய் கொண்டவன். அவனுடைய வைத்தியச் செலவு பெரிது. வருமானம் அருகிய பின்னர் அவனைத் தனியார் வைத்தியசாலையில் வைத்திருக்க இயலவில்லை. ஸீரோ மாஸ்டெல் என்னும் நடிகர் தம் வீட்டிலே லோப்புக்கு இடங்கொடுத்து ஆதரித்தார். ஆயினும் மனமுடைந்த லோப் 1955-ம் வருஷம் செப்டெம்பர் மாதம் 1-ம் தேதி நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1976-ம் வருஷத்தில் வெளிவந்த "தி ப்ரண்ட்" என்னும் திரைப்படத்தில் இவருடைய கதையைத் தழுவிய பாத்திரத்தை நடித்தவர் அந்த மாஸ்டெலே.

பெர்க் அம்மையார் செய்தது சரியா? கடைசிவரையில் விட்டுக்கொடாமல் நாடகத்தையே இழந்திருக்க வேண்டும் என்பார் உளர். ஒருவர் பொருட்டுப் பலருடைய சோற்றைத் தட்டிவிடல் ஆகாது என்பாரும் உளர். நாம் நோக்குமிடத்து, பிறர் முதல் நாளே கைவிட்டபோது ஏறத்தாழ ஒன்றரை வருஷகாலம் தம் பொருளையும் புகழையும் பணயம் வைத்து நின்றவர் அவர் ஒருவர். அவர் இறுதியிலே தோற்றார் என்பதும் மெய். ஆனால் அத்தோல்வியின் பழி அவரை மாத்திரம் சார்வதன்று. பெயர் அச்சிட்டவன், அதற்கு அஞ்சிய வணிகன், வணிகனுக்கு அஞ்சிய கம்பெனி, வாய் திறவாத பொதுமக்கள் என்னும் இந்நால்வகையாரும் பங்காளிகள். ஒவ்வொரு திங்களிரவும் லோப்பைத் தம் வீட்டு மனிதராகக் கண்டு மகிழ்ந்த லக்ஷக்கணக்கானவர்கள், அவர் ஏன் காணவில்லை என்று ஒருசேரக் கேட்டிருப்பார்களாயின் கதை வேறாயிருக்கும்.

பிற்காலம்

இடமாற்றத்தினால் நாடகம் பழைய செல்வாக்கை மீளப் பெறவில்லை. 1951-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸி.பி.எஸ்.ஸில் தொடங்கிய "ஐ லவ் லூசி" என்னும் நாடகமே இத்துறையில் முதன்மை பெற்றது. ஆயினும் அம்மையார் தம் வழியினின்று பிறழவில்லை. 1954-ம் வருஷத்திலே டூமாண்ட் தொலைக்காட்சியில், யூதருடைய பிராயச்சித்தத் திருநாளைப் பொருளாகக் கொண்ட ஒரு பகுதியை நடத்தினார். 1955-ம் வருஷத்தில் குடும்பம் நகரத்தை விட்டுப் புறநகர் ஒன்றிலே குடியேறுவதாகக் கதை மாற்றப்பட்டது. அடுக்கு வீட்டு ஜன்னல் போயிற்று. அண்டை வீட்டாரைக் கூவியழைக்கும் வழக்கமும் அதனோடு பொருளிழந்தது. 1956-ம் வருஷத்தோடு தொடர் முடிந்தது.

1959-ம் வருஷத்தில் "எ மெஜாரிட்டி ஆப் ஒன்" என்னும் நாடகத்திலே, யுத்தத்தில் ஜப்பானியரால் மகனை இழந்த யூத விதவையாக நடித்தார். அவள் ஒரு ஜப்பானிய வணிகரைக் கண்டு முதலில் வெறுத்துப் பின்னர் நட்பாகின்றாள் என்பது கதை. அந்நடிப்புக்காக டோனி பரிசும் பெற்றார். 1961-ம் வருஷத்தில் தம் சரிதத்தை நூலாக வெளியிட்டதுடன், முதிய வயதிலே கல்லூரிக்குச் செல்லும் ஒரு விதவையைப் பற்றிய புதிய தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தார். அது ஒரு பருவமே நடந்தது. 1966-ம் வருஷம் செப்டெம்பர் மாதம் 14-ம் தேதி நியூயார்க்கிலே காலமானார். மழை நாட்களில் நாடகமாடிய பிளெய்ஷ்மன்ஸ் ஊர்ப்புறத்திலேயே அவருடைய உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவருடைய காகிதங்கள் ஸிரக்யூஸ் சர்வகலாசாலையிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2009-ம் வருஷத்தில் அவிவா கெம்ப்னர் என்னும் பெண்மணி அவரைப் பற்றி ஒரு சரித்திரப் படம் எடுத்து வெளியிட்ட பின்னரே, மறந்துபோன அவர் பெயர் மீளவும் பேசப்படலாயிற்று.

நாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தினின்று நம் சங்கத்தார் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, நம்மைப் பற்றிய கதையை நாமே எழுதுதல் வேண்டும். பிறர் இழித்துரைத்தார் என்று வருந்துவதோடு அமையாது, நம் வீட்டு வாழ்க்கையை, அதன் குறையையும் மறையாமல், உள்ளது உள்ளபடி சொல்லவல்ல எழுத்தாளரையும் நடிகரையும் நம்மிடையே வளர்த்தல் வேண்டும். பெண்மக்களுக்கு அவ்வாற்றல் இல்லையென்று எண்ணுவோர் பெர்க் அம்மையாரை நினைப்பார்களாக.

இரண்டாவது, தம் குலத்தைப் போற்றுதல் என்பது அயலாரைத் தூற்றுதல் அன்று. மோலியின் ஜன்னல் எதிர் வீட்டாரை நோக்கித் திறந்தே இருந்தது. தம்மவரை உயர்த்துவதற்காகப் பிறர் எவரையும் அவர் தாழ்த்தியதில்லை. ஆகையினாற்றான் பிறரும் அவரைத் தம்மவராகக் கொண்டனர். குலச் சங்கங்கள் பலவும் சிந்திக்கத்தக்க பொருள் இது.

மூன்றாவது, நம்மில் ஒருவர்மீது விசாரணையின்றிப் பழி சுமத்தப்படுங்கால், அவருக்காகப் பேசும் பொறுப்பை ஒரே ஒருவர் தலையிலே வைத்துவிட்டு மற்றையோர் வாளாவிருத்தல் தகாது. தனி ஒருவர் எத்துணைத் துணிவுடையவராயினும் ஒருநாள் களைத்துப் போவார். சங்கம் என்று ஒன்று கூடியிருப்பதன் பயன், அவ்வாறு களைக்க விடாமல் தோள் கொடுப்பதேயாம். பெர்க் அம்மையாருடைய வெற்றியை நினைந்து மகிழும்பொழுது, பிலிப் லோப் என்பாருடைய பெயரையும் உடன் நினைப்போமாக.